ஒரு ராத்தல் சாவி

பெர்த்,
ஆஸ்திரேலியா, 14 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா அசம்ப்டாவுக்கு,

நாற்பது டிகிரி வெயிலில் நாங்கள் எல்லோரும் நலமாக உருகிக்கொண்டிருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி? அப்பாவின் கால் எப்படி?

இனி நீ எழுதுவதைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், ஓரம் விட்டு எழுது. எங்கள் ஐரிஷ் சங்கம் புலம்பெயர்ந்தோர் கடிதங்களைச் சேகரித்து ஆவணக் காப்பகம் அமைக்கிறது. தலைவர் என்ற முறையில் நான் முன்மாதிரியாக இருக்க வேண்டியுள்ளது. உன் எழுத்தில் மாட்டு விலையும் மழையும் சற்று அதிகம். பரவாயில்லை, அதுவும் வரலாறுதான்.

மே மாதம் இங்கே அயர்லாந்தின் பெரும் பஞ்சத்துக்கு நினைவுச்சின்னம் திறக்கிறோம். கருங்கல் சுவர், நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் வைக்க நம் வீட்டுச் சாவி வேண்டும். அடுப்படி ஆணியில் தொங்குகிறதே, அதுதான். 1847இல் பண்ணையாரின் ஆட்கள் குடிசையிலிருந்து துரத்தியபோது நம் ஓவன் மல்ரெனன் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஆங்கிலேயன் கட்டிய ஏழை விடுதிக்கு நடந்துபோய், அங்கேயே உயிரை விட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது அழுதுவிடுகிறார்கள்.

போன கடிதத்தில் நீ முதியோர் இல்லம் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியைக் காப்பகத்துக்குக் கொடுக்க மாட்டேன். அந்த இல்லம் எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்பது உனக்குத் தெரியாதா? அதே ஏழை விடுதி, அதே வாசல். மல்ரெனன் வம்சத்தில் இனி ஒருவரும் அந்த வாசலை மிதிக்கமாட்டோம் என்று அப்பாவே சொல்வார்.

மாமியார் சென்ற வாரம் விக்டோரியா தோட்டம் என்ற முதியோர் குடியிருப்புக்குப் போனார். நதி தெரிகிறது. அது வேறு விஷயம்.

உன் தம்பி,
ஃபின்டன்


கில்னாஷி, ராஸ்காமன், அயர்லாந்து,
2 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி ஃபின்டனுக்கு,

நான் நின்றுகொண்டிருக்கும் அளவுக்கு நலம். நீ உருகியது போக மீதி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஓரம் விட்டிருக்கிறேன்.

சாவியைக் கழற்றினேன். சுவரில் அதன் வடிவத்தில் ஒரு வெள்ளை அடையாளம் இருக்கிறது. அஞ்சலகத்தில் எடை போட்டால் ஒரு ராத்தல் ஒரு அவுன்ஸ். தராசைப் பார்த்த தபால் எழுத்தர் கன்செப்டா, "ஏன்டி அசம்ப்டா, உங்க தாத்தாவுக்குத் தாத்தா இருந்தது மண்குடிசைன்னுதானே சொல்லுவீங்க? இந்தச் சாவிக்குப் பூட்டு மாட்டினா கதவோட சேர்ந்து சுவரே விழுந்திருக்குமே!" என்றாள். பின்னால் நின்ற இருவர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பா கதகதப்பாக இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார். ஜனவரிப் புயலில் தொலைபேசிக் கம்பி அறுந்தது, இன்னும் யாரும் வரவில்லை. கைபேசிக்கு இந்தப் பள்ளத்தில் என்றைக்கு அலை கிடைத்தது? ஆகவே கூப்பிட்டுப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதே. மாடுகளை கெராட்டி வயலில் விட்டிருக்கிறேன்.

ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். இல்லத்தில் நிரந்தரப் படுக்கைக்கானது. செலவுக்கு வீட்டை ஈடாகக் காட்ட வேண்டும்; அது நம் இருவர் பெயரிலும் இருப்பதால் இருவரும் கையெழுத்துப் போடவேண்டுமாம். இப்போதைக்கு ஒன்றுமில்லை. போட்டு அனுப்பினால் மேசை இழுப்பறையில் கிடக்கும்.

உன் அக்கா,
அசம்ப்டா


பெர்த்,
25 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவரின் நலத்துக்கும் புனித பிரிஜிட் துணையிருக்கட்டும்.

சாவி வந்து சேர்ந்தது. செயற்குழு எழுந்து நின்று வரவேற்றது. பொருளாளர் அதை முத்தமிட்டார். துருவைத் துடைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

உறைக்குள் அந்தப் படிவமும் இருந்தது. கையெழுத்துப் போடவில்லை. இது பிடிவாதமல்ல அக்கா, கொள்கை. 1922இல் விடுதலை பெற்றோம். வாசல் பலகையை மாற்றினோம், அரச முத்திரை இருந்த இடத்தில் மாதாவை வைத்தோம், தபால் பெட்டிக்குக்கூடச் சிவப்பின் மேல் பச்சை அடித்தோம். உள்ளே கட்டில்கள் அப்படியே கிடந்தன. ஒரு தேசம் தன் முதியவர்களைத் தன்னை ஆண்டவர்களின் கட்டிலில் படுக்க வைக்கிறது. இதைத்தான் என் திறப்பு விழா உரையில் சொல்லப்போகிறேன். பிரதி இணைத்துள்ளேன், பதினான்கு பக்கம். அப்பாவுக்கு வாசித்துக் காட்டு.

முதியவர்களை முதுகு வலிக்காமல் தூக்குவது பற்றி இணையத்தில் ஒரு காணொளி பார்த்தேன். முழங்காலை மடக்க வேண்டுமாம்.

தம்பி,
ஃபின்டன்


கில்னாஷி,
17 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

பேட்ரிக் திருநாள் வாழ்த்து. ஊர்வலம் மழையில் நனைந்தது, நானும் நனைந்தேன், சளி. மற்றபடி முழங்கால் மடங்குகிறது. நீங்கள் நலம்தானே?

நகராட்சி அந்தப் பழைய விடுதியின் கிழக்குக் கட்டடத்தில் பஞ்ச அனுபவ மையம் திறக்கப்போகிறது. சுற்றுலாப் பயணிகள் வைக்கோலில் படுத்துப் பார்க்கலாம். நாற்பது வைக்கோல் படுக்கைகள். வெளியே வந்தால் காபிக் கடை. அதே முற்றத்தின் மேற்குப் பக்கத்தில் இல்லம், அங்கே இருபத்திரண்டு படுக்கைகள், காத்திருப்போர் பட்டியலில் முப்பத்தொரு பேர். உன் உரையில் சேர்ப்பதானால் சேர்த்துக்கொள்.

உரையை வாசித்தேன். அப்பா ஐந்தாம் பக்கத்தில் தூங்கிவிட்டார். ஹூபர்ட் கெராட்டி மட்டும் கடைசிவரை கேட்டார். "பையன் நல்லாத்தான் பேசுறான். எப்ப நிறுத்துவான்?" என்றார்.

அக்கா,
அசம்ப்டா


பெர்த்,
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சளி தேறியிருக்கும் என நினைக்கிறேன்.

ஹூபர்ட் கெராட்டி நம் வீட்டில் என்ன செய்கிறார்? வண்டிப்பாதைத் தகராறில் அப்பாவும் அவரும் பேசி நாற்பது வருடமாகிறது. அம்மாவின் சவ அடக்கத்தில்கூட அவர் கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுதான் தொப்பியைக் கழற்றினார். அவர் எப்படி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பதினான்கு பக்கம் கேட்டார்? தொலைபேசிக் கம்பி இன்னுமா அறுந்து கிடக்கிறது?

எனக்கு அவசரமாக ஒரு உதவி. கருங்கல் சுவரில் ஏழை விடுதியில் இறந்தவர்களின் பெயர்களைச் செதுக்குகிறோம். ஓவன் மல்ரெனன் பெயர் முதலில். மாவட்ட நூலகத்தில் விடுதியின் பழைய பதிவேடு இருக்கிறது. இறந்த தேதியைப் பார்த்து எழுது.

தம்பி,
ஃபின்டன்


கில்னாஷி,
28 ஏப்ரல் 2024

தம்பி ஃபின்டனுக்கு,

எல்லோரும் நலம். இந்த முறை அதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்த முடியாது.

அப்பா ஜனவரி 19 முதல் இல்லத்தில் இருக்கிறார். நீ பதினான்காம் தேதி எழுதிய கடிதம் வந்து சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே. தொலைபேசிக் கம்பியை பிப்ரவரியிலேயே சரிசெய்துவிட்டார்கள். கூப்பிட்டால் அப்பாவைக் கொடு என்பாய். குரலில் பொய் சொல்ல எனக்கு வராது. தாளில் கொஞ்சம் வருகிறது.

அன்று காலை குளியலறையில் விழுந்தார். தூக்கப் போனேன், நானும் விழுந்தேன். ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குத் தபால்காரர் வரும்வரை இருவரும் தரையிலேயே இருந்தோம். நடுவில் அவர், "சீட்டுக்கட்டு கைக்கு எட்டுதா பாரு, ஒரு ஆட்டம் போடலாம்" என்றார். எட்டவில்லை.

வண்டி இல்லத்து வாசலில் நின்றபோது நான் அழுதேன்.

"எதுக்கு இப்ப மூக்கை உறிஞ்சுற?"

"இந்த வாசலை மிதிக்க மாட்டோம்னு நீங்கதானே அப்பா சொல்லுவீங்க."

"அது கால் நல்லா இருந்தப்ப சொன்னது. இப்ப எங்க மிதிக்கிறேன்? தூக்கிட்டுத்தானே போறாங்க. சீக்கிரம் போகச் சொல்லு, குளுருது."

ஹூபர்ட் கெராட்டி பக்கத்துக் கட்டில். முதல் வாரம் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்கள். இரண்டாம் வாரம் சீட்டாட்டத்துக்கு ஒரு கை குறைந்தது. அவ்வளவுதான், நாற்பது வருடம் முடிந்தது.

இது தற்காலிகப் படுக்கை, ஃபின்டன். செப்டம்பர் 30 வரை மட்டும். அதற்குள் உன் கையெழுத்து வராவிட்டால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு வயது அறுபத்து நான்கு. இன்னொரு முறை அவரைத் தூக்கினால், அந்த முப்பத்தொரு பேருக்குப் பின்னால் என் பெயரையும் எழுத வேண்டியிருக்கும்.

படிவம் திரும்பவும் இணைத்துள்ளேன். நூலகத்துக்குப் போக நேரம் கிடைக்கவில்லை.

அசம்ப்டா


பெர்த்,
24 மே 2024

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

பதினெட்டாம் தேதி அறுநூறு பேர் முன்னால் நின்று அந்த வாசலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். கண்ணாடிப் பெட்டியில் சாவி. கல்லில் ஓவனின் பெயர். உன்னிடமிருந்து தேதி வராததால் வருடம் மட்டும். மேயோவிலிருந்து வந்த ஒரு மூதாட்டி பெட்டியின் மேல் நெற்றியை வைத்து அழுதார். அந்த நேரத்தில் என் அப்பா அந்த வாசலுக்குள் படுத்திருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். என்னை என்ன நிலைமையில் நிறுத்தினாய், பார்த்தாயா?

கையெழுத்துப் போட மாட்டேன். ஆகஸ்டில் நானே வருகிறேன். அப்பாவை என் கையாலேயே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். சங்கத்திலிருந்து ஒரு புகைப்படக்காரரும் வருவார்.

ஃபின்டன்


கில்னாஷி,
10 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

வா. உன் அறையில் படுக்கை விரித்திருக்கிறேன். அப்பாவை இடது பக்கத்திலிருந்து தூக்கவேண்டும், வலது இடுப்பில் உலோகம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு முறை. புகைப்படக்காரர் கால் பக்கம் பிடித்தால் சுலபம்.

நூலகத்துக்குப் போய் வந்தேன். அங்கே ஒரு பெண், நாம் பள்ளியில் படித்தபோது பிறந்தே இருக்கமாட்டாள், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள். விடுதியில் சேர்ந்தோர் பட்டியலில் ஓவன் மல்ரெனன் இல்லை. இறந்தோர் பட்டியலிலும் இல்லை. 1846 முதல் 1852 வரை மூன்று முறை தேடினோம்.

"இருங்க மேடம், இன்னொரு புத்தகம் இருக்கு" என்று சிப்பந்திகள் பதிவேட்டைக் கொண்டுவந்தாள்.

பிப்ரவரி 1847. ஓவன் மல்ரெனன், வாயிற்காவலர். சீருடை, தொப்பி, தினசரி உணவு, பெரிய வாசலின் சாவி. வருகிறவர்கள் புகையிலை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று சோதிப்பது, இடமில்லாத நாளில் திருப்பி அனுப்புவது. ஐந்து வருடம் செய்திருக்கிறார். "நல்ல நடத்தை" என்று ஆங்கிலேய அதிகாரி இரண்டு முறை குறித்திருக்கிறார்.

நான் கைபேசியில் வைத்திருந்த சாவியின் படத்தைக் காட்டினேன். அந்தப் பெண் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, "மண்குடிசைக்கெல்லாம் இவ்வளவு பெரிய பூட்டு இருக்காதுங்க மேடம்" என்றாள். நூற்றெழுபது வருடமாக நம் வீட்டில் ஒருவருக்கும் தோன்றாதது, கன்செப்டாவுக்குத் தராசைப் பார்த்ததும் தோன்றியிருக்கிறது.

இன்னும் ஒன்று. அந்த வருடம் நவம்பரில் கெராட்டி குடும்பம் ஏழு பேர் விடுதியில் சேர்ந்திருக்கிறார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்குக் கஞ்சி கிடையாது என்பது அன்றைய சட்டம். வயலை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அந்த வயல் வாயிற்காவலர் பெயரில் குத்தகைக்கு வருகிறது. நாம் அதை இன்றுவரை கெராட்டி வயல் என்றுதான் சொல்கிறோம். ஏன் என்று நான் கேட்டதில்லை. நீ கேட்டிருக்கிறாயா?

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொய்யைச் சுமக்கவே எனக்கு முதுகு போதவில்லை, இதையும் சேர்க்க வேண்டாம் என்று தோன்றியது.

படிவம் இணைத்துள்ளேன். மூன்றாவது பிரதி.

அக்கா,
அசம்ப்டா


பெர்த்,
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குளிர்காலம் முடிகிறது. எல்லோரும் நலம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

ஆகஸ்டில் வர முடியவில்லை. சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு.

சாவி விஷயத்தைச் செயலாளரிடம் மட்டும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "தலைவரே, பலகை அடிச்சாச்சு, தூதர் வந்து பார்த்துட்டுப் போயாச்சு, ஜனங்க அழுதாச்சு. இனிமே அது உண்மைதான்" என்றார். பலகையில் ‘குடும்ப மரபுப்படி’ என்ற இரண்டு சொற்களைச் சிறிய எழுத்தில் சேர்ப்பதென்று முடிவு.

மாமியார் நலம். நதி தெரிகிறது.

ஃபின்டன்


இல்லம், கில்னாஷி,
8 செப்டம்பர் 2024

மரியாதைக்குரிய திரு. ஃபின்டன் அவர்களுக்கு,

நான் இங்கே பணிபுரியும் செவிலி ஜின்சி. சொந்த ஊர் கேரளத்தில் கோட்டயம். உங்கள் தந்தையார் மலாக்கி மல்ரெனன் கை நடுங்குவதால் நான் எழுதுகிறேன். சொன்னபடியே எழுதவேண்டும், திருத்தக்கூடாது என்கிறார்.

டேய் ஃபின்டன்,

நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா இல்லையான்னு எனக்குத் தெரியல, உன் கடுதாசியில சங்கம்தான் நல்லா இருக்கு.

சாவி சங்கதி எனக்குத் தெரியும். எங்கப்பா சாகுறதுக்கு முன்னாடி சொன்னாரு. நான் யார்கிட்டயும் சொல்லல. யாரும் கேக்கல. வருசா வருசம் பஞ்சத்துக் கல்லறைக்கு ஊர்வலம் போறப்ப என்னைத்தான் முன்னாடி நடக்க விடுவாங்க. முன்னாடி நடக்கிறவனுக்கு எவனாவது குடை பிடிப்பான். அந்த நேரத்துல போய் எங்காளு உள்ள இல்ல, வாசல்ல இருந்தான்னு சொல்லவா முடியும்? ஹூபர்ட்டுக்கும் தெரியும். அவங்க தாத்தா சொன்னதாம். "அப்புறம் ஏன்டா வண்டிப்பாதைக்குச் சண்டை போட்ட?"ன்னு கேட்டேன். "வயலுக்குச் சண்டை போட்டா உன் மூஞ்சியப் பாக்கணுமே, பாதைன்னா வக்கீல் பாத்துக்குவான்"ங்கிறான்.

ஓவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அந்த வருசம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னா சாவு, அந்தப் பக்கம் படுத்தாலும் சாவு. கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னவனுக்குத்தான் சோறு. பிடிச்சுக்கிட்டான். கட்டினவன் இங்கிலீஷ்காரன், பூட்டினது நாம. அந்தச் சாவியத்தான் நீ கண்ணாடிக்குள்ள வச்சு எல்லாரையும் அழவைக்கிறியாம்.

இப்ப என் விசயம். இங்க சூடா இருக்கு. பன்னெண்டரைக்குச் சாப்பாடு. இந்தப் பொண்ணு ஜின்சி ஒரு கையால என்னைத் தூக்கி உட்கார வைக்குது. அவங்க ஊர் பெரியாஸ்பத்திரிகூட இங்கிலீஷ்காரன் காலத்துக் கட்டடம்தானாம். என்ன பண்ணுனீங்கன்னு கேட்டேன். போர்டை மாத்தினோம் சார்ங்குது. உன் அக்கா இருக்காளே, அவ வாயில்லாப் பூச்சி இல்ல, ஆனா இனிமே அவளால ஆகாது. நான் வீட்டுக்குப் போனா அவ செத்துருவா. அப்புறம் எனக்கு யாரு இருக்கா, நீயா?

இருபத்திரண்டு நாள்தான் பாக்கி. கெழவன் ஒருத்தன் உள்ள படுக்க இடம் கேக்குறான். திரும்பவும் ஒரு மல்ரெனன் வாசல்ல நின்னு யோசிக்கிறான். அதுவும் பெர்த்துல நின்னுக்கிட்டு.

போடுறா கையெழுத்த.

இந்தக் கடுதாசிய உன் காப்பகத்துல வை. ஓரம் விட்டுத்தான் எழுதியிருக்கா.

அப்பா


கில்னாஷி,
6 அக்டோபர் 2024

அன்புத் தம்பி ஃபின்டனுக்கு,

நான் நலம். ஒரு வாரமாக மதியம்கூடத் தூங்குகிறேன். மாடுகள் வேலிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன. நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதவில்லை. கடிதமே வைக்கவில்லை. அதனால் உன் நலத்தையும் நானே விசாரித்துக்கொள்கிறேன்.

பொட்டலம் இருபத்தேழாம் தேதி வந்தது. கன்செப்டா தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு ராத்தல் ஒரு அவுன்ஸ். கொஞ்சம் தாளும் இருக்கு" என்றாள். சுங்கச் சீட்டில் உள்ளே இருப்பது என்ன என்ற இடத்தில் ‘பழைய இரும்பு’ என்றும், மதிப்பு என்ற இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்றும் உன் கையெழுத்தில் இருந்தது. அடுத்த நாள் சனிக்கிழமை. திங்கள் காலை, கடைசி நாளன்று, படிவத்தின் சுருக்கங்களைத் தேய்த்து எடுத்து இல்லத்து அலுவலகத்தில் கொடுத்தேன். சாவியைச் சுற்றியிருந்ததால் உன் கையெழுத்தின் மேல் துருப் பிடித்திருந்தது. அங்கிருந்த பெண் உற்றுப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, படிக்க முடியுது" என்று முத்திரை குத்தினாள்.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பா சாவியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஹூபர்ட் பக்கம் நீட்டினார். "இந்தா, வச்சுக்கோ. உங்காளுங்க வெளிய நின்னப்ப இதுதான் உள்ள இருந்துச்சு." ஹூபர்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது? இப்ப அது கண்ணாடிக் கதவு, ஆள் கிட்ட வந்தாலே தானா திறந்துக்குது" என்றார். அப்பா, "அப்ப சீட்டு பறக்காம மேல வையி" என்றார். சன்னல் திறந்திருக்கும் நாட்களில் அதற்குத்தான் பயன்படுகிறது.

கெராட்டி வயலைப் பற்றி இருவரும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். நான் போனால் நிறுத்திவிடுகிறார்கள்.

அடுப்படிச் சுவரில் சாவி இருந்த இடத்தில் அந்த வெள்ளை அடையாளம் அப்படியே இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்கலாமா என்று யோசித்தேன். ஆணியில் நாட்காட்டியை மாட்டிவிட்டேன்.

ஆகஸ்டில் உனக்காக விரித்த படுக்கையை இன்னும் எடுக்கவில்லை. வருவதானால் புகைப்படக்காரர் வேண்டாம். உன்னை யாரும் தூக்க வேண்டியதில்லை, நீயாக நடந்து வந்தால் போதும்.

உன் அக்கா,
அசம்ப்டா